மூக்கடியில் ஒரு ஒடுக்கு

கோவைப் பக்கம் ஒரு விமானக் காட்சியகத்தில் ஒரு குரு இருந்தார். பெயர் தாட்சாயணி, வயது முப்பத்தொன்பது. பழைய விமானங்களைக் காட்சிக்குச் சீர்செய்வது அவர் வேலை. அவரிடம் அதைக் கற்க வந்த சீடருக்கு அறுபத்தேழு வயது. சவரிமுத்து, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயதைப் பார்த்து யார் குரு என்று முடிவு செய்தவர்கள் எல்லாம் அங்கே அசடு வழிந்தார்கள்.

அந்த மாதம் காட்சியகத்தின் கொட்டகைக்கு ஒரு போர் ஜெட் வந்தது. சவரிமுத்து ஒரு காலத்தில் தினமும் துடைத்து அனுப்பிய அதே ஜெட். பெயிண்டையும் அதன் அடியில் அப்பியிருந்த பூச்சையும் சுரண்டியபோது விமானத்தின் மூக்கடியில் பெரிய ஒடுக்கு ஒன்று தெரிந்தது. அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"இந்த ஒடுக்கை எடுத்துரட்டுமா மேடம்? பாக்க வர்றவங்களுக்கு அசிங்கமா இருக்கும்."

"எடுங்க. அட்டையை எழுதிட்டு எடுங்க."

அது அந்தக் கொட்டகையின் வழக்கம். எந்தத் தடத்தை அழிப்பதானாலும், அது எப்படி வந்தது என்று முதலில் ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சவரிமுத்து எழுதினார்: 'பழைய ஒடுக்கு.'

"பழசுன்னு தெரியுதுங்க. எப்படி வந்துச்சு?"

விமானத்தோடு வந்த பதிவேடான லாக்புக்கைப் பார்த்து எழுதினார்: 'தரையிறங்கும்போது மூக்குச் சக்கரம் மடிந்தது. விமானி வேதாசலம் வேகமாக மோதி இறக்கினார். விமானியின் தவறு.'

அந்த அட்டையும் திரும்பி வந்தது.

"லாக்புக் என்கிட்டயும் இருக்குங்க. அந்த வருஷம் நீங்க அங்கதானே இருந்தீங்க? நீங்க பாத்ததை எழுதுங்க."

சவரிமுத்து அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த அம்மாவுக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்திருக்க வழியே இல்லை, அப்போது அவர் பிறக்கவே இல்லை. தெரியாதென்றால் எதற்கு அட்டையைத் திருப்புகிறார்?

நடந்தது இதுதான். நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், மூக்குச் சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழிக்குள் துடைத்த துணியை அங்கேயே மறந்துவிட்டார் சவரிமுத்து. அது சக்கரத்தின் மடக்கில் சிக்கி, விமானம் திரும்பி வந்தபோது சக்கரம் முழுதாக இறங்காமல் மடிந்தது. விமானத்திடம் முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். துணியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் மெதுவாத்தான் இறக்கினேன்" என்று வேதாசலம் சொன்னதை விசாரணையில் யாரும் நம்பவில்லை. அதன் பிறகு அவரைப் பறக்கவே விடவில்லை.

இரண்டு நாள் சவரிமுத்து ஒடுக்கைப் பார்ப்பதும் அட்டையைப் பார்ப்பதுமாக இருந்தார். எடுக்காமலே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. விட்டால் லாக்புக்கில் இருப்பதை நம்பி வருகிறவர்கள் எல்லாம் அதைக் காட்டி விமானியைக் குறை சொல்வார்கள். எடுத்தால் எழுத வேண்டும். எது சரி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"மேடம், நாப்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததை இப்ப எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"தெரியலைங்க."

"அப்புறம் ஏன் எழுதச் சொல்றீங்க?"

"ஒடுக்கை எடுக்கணும்னு கேட்டது நீங்கதானுங்களே?"

மூன்றாவது அட்டையில் எல்லாவற்றையும் எழுதினார். துணியை மறந்தது, பையில் போட்டது, விசாரணையில் வாய் திறக்காதது. கீழே கையெழுத்துப் போட்டார்.

தாட்சாயணி ஒருமுறை படித்தார். அட்டையைக் கோப்பில் சேர்த்தார். திட்டியிருந்தால்கூடச் சவரிமுத்துவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்ப எடுக்கலாமா மேடம்?"

"வேதாசலம் இருக்காருங்களா?"

"இருக்காரு. திருச்சியில, மக வீட்டுல."

"உங்களோட பேசுவாருங்களா?"

"பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாரு. நல்லா இருக்கியா முத்துன்னு கேப்பாரு."

சவரிமுத்து ஒடுக்கைத் தடவிப் பார்த்தார்.

"இதையே இன்னொண்ணு எழுதி அவருக்குத் தபால்ல போட்டுரட்டுமா மேடம்?"

"சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து திருச்சிக்கு நெறையா பஸ் இருக்குங்களே" என்றார் தாட்சாயணி.