இருளாண்டியின் குத்துக்கு மதிப்பெண் போட்ட கதை

மந்தைக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த வேலையை அவர்கள் மிச்சம் வைத்ததே இல்லை.

அந்த ஊரில் இருளாண்டி என்று ஒரு குத்துச்சண்டைக்காரர் இருந்தார். நெல் மூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆள். மேடை ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் சுற்றுவார். குறுக்கே வந்தது எதிராளியா, ரெஃபரியா, தண்ணீர் கொடுக்க வந்தவரா என்பதெல்லாம் அவரவர் தலைவிதி.

பட்டணத்தில் பந்தயம் நடத்தும் சுபேதார் ஆசீர்வாதம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இவன் வித்தை தெரிஞ்சவனா, வெறும் முரடனான்னே புரியலையேய்யா. வெளியில நின்னு பார்த்தா தெரியாது. குத்து வாங்குனவனைக் கேட்டாத்தான் தெரியும். விசாரிச்சு வைங்க. வித்தை இருந்தா பட்டணத்துல இறக்குறேன்." சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

விசாரிக்க மூன்று நடுவர்களை ஊர் நியமித்தது. ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி, வெள்ளையப்பன், மூன்றாவதாக நம்ம சொரிமுத்து. சொரிமுத்துவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இப்போதுதான் பெண் அமைந்திருந்தது. அதுவும் அவன் பல்வரிசையைப் பார்த்துத்தான் பெண் சம்மதித்தாள். மற்றபடி அவனிடம் பார்க்க ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

"இருளாண்டிகிட்ட வாங்குனவன் எவனும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்லையே. யாரைக் கேட்கிறது?" என்றார் கோட்டைச்சாமி.

வெள்ளையப்பன் வெகுநேரம் யோசித்தான். "வாங்குனவன் இல்லேன்னா என்ன தலைவரே? நாம வாங்கிக்கிடுவோம்."

சபையே ஆமோதித்தது. சொரிமுத்து மட்டும் கை தூக்கவில்லை. நாக்கால் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

கோயிலில் முதல் மரியாதை யாருக்கோ அவருக்கே முதல் குத்தும் என்று கோட்டைச்சாமி மேடை ஏறினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். இருளாண்டி கண்ணை மூடினார். அப்புறம் தலைவரை மேடைக்குக் கீழேதான் தேட வேண்டியிருந்தது.

"தலைவரே, வித்தையா, முரட்டுத்தனமா?" என்று சொரிமுத்து குனிந்து கேட்டான். தலைவர் கண்ணே திறக்கவில்லை.

"தொந்தரவு பண்ணாத. பெரிய மனுஷன், அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வெள்ளையப்பன் மேலே ஏறினான். "எனக்குக் கொஞ்சம் நிதானமா குத்துங்கண்ணே. கவனிக்கணும்" என்றும் கேட்டுக்கொண்டான். அவனும் தலைவருக்குப் பக்கத்திலேயே போய்ப் படுத்து, "அம்மா, ரசம் ஊத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அது வித்தையின் பக்கமா முரட்டுத்தனத்தின் பக்கமா என்று ஊராருக்குள் பெரிய தர்க்கமே நடந்தது. கடைசியில், மூன்றாவது நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று சொரிமுத்துவைத் தூக்கி மேடையில் வைத்தார்கள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை கல்யாணம். பல்லை மட்டும் விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

இருளாண்டிக்கு நல்ல மனசு. "நான் கண்ணை மூடிக்கிட்டுக் குத்துறவன் தம்பி. எங்க படும்னு எனக்கே தெரியாது. வேணும்னா குலசாமியை நெனைச்சுக்க."

சொரிமுத்து நினைத்தான். நினைக்கும்போதே கும்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலைக்கு மேல் சும்மா போன கை, ஆளே கிடைக்காத கோபத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இருளாண்டியின் தாடையிலேயே இறங்கியது. மேடைப் பலகை உடைய விழுந்தார் மனுஷன்.

சொரிமுத்து பல்லைத் தடவிப் பார்த்தான். எல்லாம் இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. ஆனாலும் கடமை கடமைதானே? வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரை இருளாண்டியின் முகத்தில் ஊற்றி, "எப்படிண்ணே இருந்துச்சு? வித்தையா, முரட்டுத்தனமா?" என்று கேட்டான்.

இருளாண்டி தாடையைப் பிடித்துக்கொண்டார். "சுத்தமான வித்தை தம்பி. கை வந்ததே தெரியலை. என் வாழ்நாள்ல இப்படி ஒருத்தன்கிட்ட வாங்குனதில்லை. யாரு அவன்?"

"இருளாண்டி."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதாண்ணே."

"எனக்குத் தெரியாம நம்ம ஊர்ல இப்படி ஒருத்தனா?" இருளாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவனை மேடைக்கு வரச் சொல்லு. நேருக்கு நேரா ஒரு கை பார்த்துருவோம்."

அதற்குள் தெளிந்து எழுந்த கோட்டைச்சாமி நாள் குறித்தார். கல்யாணத்துக்கே நல்ல நாள் என்றால் சண்டைக்கு ஆகாதா என்று அதே வெள்ளிக்கிழமையைக் குறித்தார். சுபேதாருக்கும் சொல்லியனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டது. இருளாண்டியை மட்டும் காணோம். சொரிமுத்து தேடிப் போனபோது வைக்கோல்போருக்குள் இருந்து குரல் வந்தது.

"அவன் வந்துட்டானா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே. நீங்க வந்தா அவரும் வந்துருவாரு."

"முதல்ல அவன் வரட்டும். அந்தக் குத்து உனக்குத் தெரியாது."

நியாயம்தான் என்று சொரிமுத்து திரும்பி வந்து சபையில் சொன்னான். இருவரும் வரும்வரை நடுவர்கள் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கோட்டைச்சாமி உத்தரவு போட்டார். பஸ் பிடித்து வந்திருந்த சுபேதார் அடுத்த பஸ் எப்போது என்று மட்டும் விசாரித்தார்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் பெண்வீட்டார் மேளதாளத்தோடு மேடைக்கே வந்தார்கள். சொரிமுத்து நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாலி கட்டினான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள்.

மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டார். "யாரு ஜெயிப்பாங்க மாப்ளே?"

"நடுவர் பாரபட்சமா பேசக்கூடாது மாமா. யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சந்தோஷந்தான்." சொரிமுத்து காலி மேடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "தோக்கப்போறவரை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு."