வழுக்காத படியும் பாதிக் கூரையும்

முன்னொரு காலத்தில், ராஜா ஆசைப்பட்டால் கல்லும் கண்ணாடியாக வேண்டியிருந்த நாளில், மகுடவர்மன் என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் தன் முகத்தின் மேல் அவனுக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம். அரண்மனை வாசற்படிகளில் தன் முகம் தெரிய வேண்டும் என்று ஒருநாள் சொல்லிவிட்டான். கல்தச்சர்கள் கருங்கல்லை இழைத்து இழைத்து, எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். முகம் தெரிந்தது. கால்தான் நிற்கவில்லை.

அந்தப்புரத்துக்குப் பூக் கொடுக்கும் பிச்சாயி, கூடையோடு அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பூக் கட்டுகிறவளுக்குக் கை போனால் மிச்சம் என்ன? அரண்மனைதான் ஈடு தர வேண்டும் என்று சபையில் முறையிட்டாள். அவளுக்காகப் பேச முன்வந்தவர் வாதிராயர், சபையிலேயே பெரிய வழக்காடி. "ஜெயித்தாலும் தோற்றாலும் உனக்கு உள்ளதில் பாதி என் கூலி" என்றார். இவ்வளவு பெரிய மனிதர் தோற்பாரா என்று அவளும் தலையாட்டினாள்.

வாதிராயர் எழுந்து என்ன பேசினார் தெரியுமா? படியின் அழகைப் பேசினார். அதில் தெரியும் அரசரின் திருமுகத்தைப் பேசினார். பிச்சாயியின் கையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அரசன் உச்சி குளிர்ந்துபோய்த் தீர்ப்புச் சொன்னான்: "படி இருந்த இடத்தில்தான் இருந்தது. வந்து வழுக்கியது உன் கால். படியின் மேல் தவறில்லை."

மறுநாளே வாதிராயரின் ஆட்கள் பிச்சாயியின் மல்லிகைத் தோட்டத்தில் பாதியை வேலி போட்டு அடைத்தார்கள். அதோடு விட்டார்களா? குடிசை மேல் ஏறிக் கூரையில் பாதியைப் பிரிக்கத் தொடங்கினார்கள். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பிச்சாயி ஓட்டமாக ஓடி அரசவை விகடன் குப்பாண்டியின் வாசலில் நின்றாள்.

"சாமி, தோத்ததுக்குமா கூலி? பாதிக் கூரைய வச்சுக்கிட்டு நான் எங்க படுக்க? வாதிராயரக் கேட்டா, பாதி உடம்ப உள்ள வச்சுக்கோங்கறாரு!"

ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. "என் பின்னால் வா" என்று அவளையும் அழைத்துக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தான்.

படிகளின் உச்சியில் அரசனும் வாதிராயரும் சபையாரும் நின்றிருந்தார்கள். குப்பாண்டி கீழ்ப்படியின் ஓரத்தில் கையையும் காலையும் ஊன்றி, குழந்தையைப் போலத் தவழத் தொடங்கினான். அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த வாதிராயருக்கு இது போதாதா?

"பார்த்தீர்களா பிரபு! தங்கள் படியைக் கேலி செய்கிறான்."

"எழுந்து நட!" என்று அரசன் சீறினான். "இல்லையேல் நாடு கடத்திவிடுவேன்."

"மன்னிக்க வேண்டும் அரசே. படி குற்றமற்றது என்று தாங்களே தீர்ப்பளித்துவிட்டீர்கள். குற்றமெல்லாம் காலுடையதாம். என் கால் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரியாது. அதை நம்பி விழுந்து, வழக்கும் போட்டு, பாதிக் கூரையை இழக்க எனக்குத் தெம்பில்லை."

"வழுக்காத படியில் நடக்க ஒரு பயமா? இதோ பார்!"

அரசன் விறைப்பாகக் காலெடுத்து வைத்தான். முதலில் கிரீடம் பறந்தது. பின்னாலேயே அரசனும் தடதடவென்று இறங்கி, கடைசிப் படியில் போய் உட்கார்ந்தான். சபையார் பதறிப்போனார்கள். விகடனும் திடுக்கிட்டுத்தான் போனான்.

"ஐயோ, என் இடுப்பு! வாதிராயரே, இந்தப் படியின் மேல் வழக்குப் போடும்! எனக்காக நீரே பேசும்!"

"இதோ பிரபு, இப்போதே பேசுகிறேன்!"

குப்பாண்டி மெல்ல எழுந்து கைகட்டி நின்றான். "அரசே, வாதிராயர் ஒப்புக்கொண்டுவிட்டார். படியோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே தங்கள் தீர்ப்புப்படி தங்கள் வழக்கு தோற்றுவிட்டது. தோற்றாலும் இவருக்குக் கூலி, உள்ளதில் பாதி. ராஜ்யத்தில் எந்தப் பாதியை அளந்து கொடுப்பது? வடக்கா, தெற்கா?"

அரசனின் முகம் வெளுத்தது. வாதிராயருக்கு வியர்த்துக் கொட்டியது. "சிவசிவா! அரசரிடம் போய் நான் கூலி கேட்பேனா?"

"ஏன் கேட்க மாட்டீர்? கை ஒடிந்த பூக்காரியிடம் கேட்டீரே. ஆளைப் பார்த்து மாறினால் அதற்குப் பெயர் கூலியா, கொள்ளையா?"

அரசன் இடுப்பைத் தடவியபடி வாதிராயரைப் பார்த்தான், குப்பாண்டியைப் பார்த்தான். பிறகு வலியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"குப்பாண்டி, நான் சொன்ன தீர்ப்பு என் இடுப்பிலேயே வந்து விழுந்துவிட்டதே! அது தப்பான தீர்ப்பு. பிச்சாயிதான் ஜெயித்தாள். கை குணமாகும் வரை அவளுக்கு அரண்மனை படியளக்கட்டும். தோட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாதிராயரே, மழைக்கு முன் நீரே ஏறி அவள் கூரையை வேயும்!"

தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டான். சபையே கைகொட்டிச் சிரித்தது.

பிச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள். "ஜெயித்துவிட்டாய் அம்மா, இன்னும் என்ன பயம்?" என்று அரசன் கேட்டான்.

"தோத்ததுக்கே பாதி போச்சு மகாராசா. ஜெயிச்சதுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

அரசனின் சிரிப்பு அப்படியே நின்றது.