சிவக்கொழுந்து மாற்றிய பூட்டு

சிவக்கொழுந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலாண்டி சாமியின் மடத்துக்கு வந்தபோது வீட்டைத் துறந்தார், கரை வேட்டியைத் துறந்தார், காபியைக்கூடத் துறந்தார். பணிமூப்புப் பட்டியலை மட்டும் துறக்கவில்லை. மடத்தில் யார் எந்த வருடம், எந்த மாதம் வந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

மடம் தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். சாமிக்கு வயது ஐம்பத்திரண்டு, சிவக்கொழுந்துக்கு எழுபத்தொன்று. சீடர்தான் என்றாலும் மூத்தவர் ஆயிற்றே என்று சாமி அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். அதையும் அவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

மடத்தின் பின்பக்கம் ஒரு கல் அறை. சாமியின் குருவை அடக்கம் செய்த இடம் அது. அங்கே விளக்கு அணையக் கூடாது. விளக்குக்கு எண்ணெய் விடுவது பன்னிரண்டு வருடமாகச் சிவக்கொழுந்தின் வேலை. அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். விடியும் நேரத்தில் அவர் போய்க் கதவைத் திறந்து வைப்பார், சாமி உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சாவியை அவர் இரண்டு தடவை தொலைத்தார். இரண்டாம் தடவை ஆற்றோடு போனது. பேத்தியின் காதுகுத்துக்காக அவர் மதுரை போயிருந்த நான்கு நாளில், ஒரு பக்தர் சாவியே இல்லாத பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து கதவில் பொருத்திவிட்டார். அதற்குப் பேட்டரி கிடையாது, கரண்டும் கிடையாது. எண் பொத்தான்களை அமுக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து வெளியே வர எண் வேண்டாம், கைப்பிடியைத் திருப்பினாலே போதும்.

பொருத்தும்போது கூடமாட நின்று உதவியவன் ஒளிமுத்து. முன்னாள் லாரி டிரைவர். மடத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பூட்டின் எண் முதலில் அவனுக்குத்தான் தெரிந்தது.

சிவக்கொழுந்து ஊரிலிருந்து திரும்பிய அன்றே சாமி அவருக்கும் எண்ணைச் சொல்லிவிட்டார். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. எட்டு மாதத்துக்காரனுக்குத் தெரிந்த பிறகுதானே தனக்குத் தெரிந்தது என்பது தொண்டையிலேயே நின்றது. அது பொறாமைதான், வேறொன்றுமில்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்பதால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்.

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒளிமுத்து சோறு வைத்தால், ‘போதும்’ என்று கையை மறித்தார். அவன் வைக்காமல் நகர்ந்தால், ‘எனக்கு மட்டும் கிடையாதா’ என்றார். நான்காம் நாள் சாமியிடமே போய், அடக்க அறையின் எண் இத்தனை பேருக்குத் தெரிவது நல்லதில்லை, நாளைக்கு ஒன்று என்றால் யார் பொறுப்பு என்றெல்லாம் அலுவலகக் கடிதம் போல அடுக்கினார். சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

“சாமி, உங்க மனசுக்கு நான் பக்கமா, அவன் பக்கமா?”

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு ஸ்க்ரூடிரைவரும், காலில் தைத்த முள்ளை எடுக்கும் முள்வாங்கியும், பூட்டோடு வந்த காகிதமும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“எண்ணை மாத்திருங்க. உங்களுக்குப் பிடிச்சதை வைங்க.”

“யார் யாருக்குச் சொல்லணும்?”

“அது உங்க இஷ்டம்.”

சிவக்கொழுந்துக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். திருகாணிகளைக் கழற்றினால் பூட்டு இரண்டு பாதியாக வந்தது. பொத்தான் உள்ள பாதியைத் துண்டின் மேல் கவிழ்த்து, பின்தகட்டை எடுத்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் நகம் அளவு ஒரு உலோகத் துண்டு. திறக்கும் எண்களுக்குச் சிவப்பு, மற்றதற்கெல்லாம் நீலம். ‘சி’ என்று எழுதிய பொத்தானை வேலை முடியும்வரை அமுக்கியே வைத்திருக்க வேண்டும் என்று காகிதம் சொன்னது. இடது கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டு, வலது கையில் முள்வாங்கியால் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினார். ஒரு ஸ்பிரிங் துள்ளி வேட்டி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அதைத் தேடவே அரை மணி நேரம் ஆனது. சமையலறை வாசலிலிருந்து ஒளிமுத்து உதவி வேண்டுமா என்று கேட்டான். அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

புது எண் ஒன்று, ஏழு, சைபர், ஒன்பது. ஒன்பதாம் மாதம் பதினேழாம் தேதிதான் அவர் மடத்துக்கு வந்தது. பூட்டைத் திரும்பப் பொருத்தி, கதவைத் திறந்து வைத்தபடியே மூன்று முறை சோதித்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சாமியிடமும் சொல்லவில்லை. சாமியே வந்து எண் என்ன என்று தன்னிடம் கேட்க வேண்டும் என்பது சிவக்கொழுந்தின் ஆசை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். ஒளிமுத்து காதுபடக் கேட்டால் இன்னும் நல்லது.

மறுநாள் விடியும் நேரத்தில் குளித்து, திருநீறு பூசி, உடம்பால் மறைத்துக்கொண்டு பொத்தான்களை அமுக்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் சாமியின் காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றது. சாமி தட்டவில்லை, கேட்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மார்கழிக் குளிர். ஒளிமுத்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவருக்குப் போர்த்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் நாளும் அப்படியே. அன்று ஒளிமுத்து ஏதோ லாரிக் கதை சொல்ல, சாமி வாய்விட்டுச் சிரித்தார். பன்னிரண்டு வருடத்தில் தன்னோடு இருக்கும்போது சாமி அப்படிச் சிரித்ததாகச் சிவக்கொழுந்துக்கு நினைவில்லை. அறைக்குள் போகும் உரிமை முழுக்க அவருடையது. அவருக்கு வேண்டியதெல்லாம் வெளியே படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிடலாமா என்று கை போனது. கேட்கட்டும் என்று மனசு பிடித்து இழுத்தது.

மூன்றாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. எண்ணெய்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கதவில் காதை ஒட்டி நின்றார். இன்று என்னதான் பேசுகிறார்கள்? கேட்கும் மும்முரத்தில் செம்பு சாய்ந்து எண்ணெய் தரையில் ஒழுகியது தெரியவில்லை. விளக்குப் பக்கம் திரும்பியவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு கல்லில் மோதியது. கை பட்டு விளக்கு கவிழ்ந்தது. திரி கோரைப்பாயில் விழுந்து புகையத் தொடங்கியது. மூச்சு அடைத்து, குரல் வரவில்லை. கதவின் கைப்பிடி தலைக்கு மேலே இருந்தது. கால் அசையவில்லை.

வெளியே இருந்தவர்களுக்குச் செம்பு உருண்ட சத்தம் கேட்டது. கதவிடுக்கில் புகை வந்தது. ஒளிமுத்து குனிந்து பொத்தான்களை உற்றுப் பார்த்தான். அடுத்த நொடி கதவு திறந்தது. அவன் பாயைச் சுருட்டி வெளியே எறிந்து மிதித்தான். சாமி உள்ளே வந்து சிவக்கொழுந்தின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இருவருமாக அவரை வெளியே தூக்கி வந்து படியில் கிடத்தினார்கள்.

மூச்சு திரும்பியதும் சிவக்கொழுந்து இடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஒளிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

“எண் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நாலு பொத்தான்ல உங்க விரல் திருநீறு ஒட்டியிருந்துது அண்ணாச்சி. அந்த நாலையும் அமுக்குனேன்.”

“எதை முதல்ல அமுக்குன?”

“ஞாபகம் இல்ல.”

“ஒன்னு, ஏழு, சைபர், ஒம்பது. இந்த வரிசை எப்படித் தெரியும்?”

ஒளிமுத்து தயங்கித் தயங்கித்தான் சொன்னான். இந்தப் பூட்டில் வரிசை கிடையாது, உரிய நான்கு பொத்தானும் அமுங்கினால் போதும், எது முன்னால் எது பின்னால் என்பது இதற்குக் கணக்கில்லை என்று, கொண்டுவந்த பக்தர் அன்றைக்கே சொல்லியிருந்தாராம்.

சிவக்கொழுந்து நம்பவில்லை. படுத்தபடியே, செய்துகாட்டு என்றார். ஒளிமுத்து கதவைச் சாத்திவிட்டு ஒன்பது, சைபர், ஏழு, ஒன்று என்று அமுக்கினான். திறந்தது. மறுபடி சாத்தி, ஏழு, ஒன்பது, ஒன்று, சைபர் என்று அமுக்கினான். அதற்கும் திறந்தது.

சாமி அவர் இடுப்பில் எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தார்.

“அப்போ முதல்ல நிக்கிறதுக்கு ஒரு மதிப்பும் கிடையாதா சாமி?” என்று சிவக்கொழுந்து கேட்டார்.

சாமி நீவுவதை நிறுத்தவில்லை.

“அவன் வரிசை பாக்கிறவனா இருந்திருந்தா, நீங்க இன்னும் உள்ளதான் கெடந்திருப்பீங்க.”