சோலையம்மாளின் பென்டிரைவ்

கெட்டுப்போன பென்டிரைவிலிருந்து உள்ளதை மீட்டுத் தருகிற கடை ஒன்று கோவில்பட்டியில் இருந்தது. நடத்தியவர் செண்பகவல்லி. அவரிடம் தொழில் கற்க வந்த மரியதாஸ், அவரைவிட வயதில் மூத்தவர். ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை பார்த்தவர். மூத்தவர் இளையவரை "டீச்சர்" என்பார். டீச்சர் அவரை "அண்ணே" என்பார்.

மரியதாஸ் கெட்டிக்காரர். வாய்தான் ஒரு இடத்தில் நிற்காது. வந்தவர் பாதி சொல்வதற்குள் மீதியை இவரே சொல்லி முடித்து அனுப்பிவிடுவார்.

அன்று காலை செண்பகவல்லி மின்வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஆடு மேய்க்கிற வெயிலுமுத்து படியேறி வந்தார். துண்டு முனையில் முடிந்திருந்த பென்டிரைவை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல எம் பொஞ்சாதி பேச்சு இருக்கு சார். சோலையம்மா. நான் ஆட்டுக் கெடை போடுற காட்டுல போன் எடுக்காது. அவ பேசுறதைப் பக்கத்து வீட்டுப் புள்ள பதிஞ்சு இதுல போட்டுக் குடுக்கும். ஸ்பீக்கர் பெட்டியில சொருகிக் கேப்பேன். பங்குனியில அவ போயிட்டா. இப்ப இதுவும் பேச மாட்டேங்குது."

"எடுத்துரலாம்."

"ஒண்ணு சொல்லணும் சார். வேற ஒரு கடையில இதைச் சொருகினப்போ அந்தக் கம்ப்யூட்டரு என்னமோ கேட்டுச்சு. அந்தப் பையன்..."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். நீங்க சாயங்காலம் வாங்க."

வெயிலுமுத்து சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பென்டிரைவை மாட்டுமுன் கணினியில் ஃபில்டர் டிரைவர் ஒன்றைப் போட்டாக வேண்டும். கணினிக்கும் பென்டிரைவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன மென்பொருள் அது. கணினி படிக்கக் கேட்டால் விடும். எழுதக் கேட்டால் விடாது. சாகக் கிடக்கும் பென்டிரைவில் ஒரு எழுத்து எழுதினாலும் ஆபத்து.

மேஜையில் இருந்தது புதிதாக வாங்கிய கணினி. அதில் டிரைவரை இன்னும் போடவில்லை. மரியதாஸ், உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று பென்டிரைவை முதலில் மாட்டிவிட்டார். விளக்கு மினுங்கியது. பிறகுதான் டிரைவர் நினைவு வந்தது. போட்டார். போட்டாயிற்று என்று திரையில் பச்சையாக வந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அவர் படிக்கவில்லை.

அப்போது கணினி கேட்டது, இதில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று.

நடுவில்தான் காவல் இருக்கிறதே, கணினி பார்த்துவிட்டுச் சும்மா இருக்கப்போகிறது என்று நினைத்து, சரி என்று அமுக்கினார். கணினி சும்மா இருக்கவில்லை. எழுதிற்று. எழுத எழுத பென்டிரைவுக்குள் இருந்த பழைய சில்லு சூடேறி, விளக்கு அணைந்துவிட்டது.

செண்பகவல்லி திரும்பி வந்து, பென்டிரைவின் உறையைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது. கடைசியில் சில்லை மறுபடி உறைக்குள் வைத்து மூடினார்.

"இனி வராது, அண்ணே."

"டிரைவரைப் போட்டேனே டீச்சர்! போட்ட பிறகுதான் அமுக்கினேன். எப்படி எழுதுச்சு?"

"பென்டிரைவ் அப்போ எங்க இருந்துச்சு?"

"மாட்டித்தான் இருந்துச்சு."

"பஸ் கிளம்பின பிறகு ஸ்டாண்டு வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி டிக்கெட் கேக்கச் சொன்னா, உள்ள உக்காந்திருக்கிறவன்கிட்ட யாரு கேப்பா?"

மரியதாஸ் திரையைப் பார்த்தார். பச்சை எழுத்துக்குக் கீழே இருந்த வரியை இப்போது படித்தார். சாதனத்தைக் கழற்றி மறுபடி மாட்டவும் என்று இருந்தது. அதன்பிறகுதான் காவல் வேலை செய்யும். காலையில் படித்திருந்தால் ஒரு நொடி வேலை. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சாயங்காலம் அவர் வருவாரு டீச்சர். என்ன சொல்ல? பழைய சில்லு, வெயில்ல கிடந்தது, எப்படியும் போயிருக்கும்னு..."

"நடந்ததை மட்டும் சொல்லுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

வெயிலுமுத்து வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மரியதாஸ் எழுந்து நின்றார்.

"ஐயா, அது போயிருச்சு. என் தப்புலதான் போச்சு."

வெயிலுமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பென்டிரைவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மரியதாஸ் வாயைத் திறந்தார். செண்பகவல்லி அவர் தோளில் கை வைத்தார். அவர் மூடிக்கொண்டார்.

"அந்தக் கடையிலயும் இப்படித்தான் கேட்டுச்சு," என்றார் வெயிலுமுத்து. "அந்தப் பையன் அமுக்கப் போனான். நான் பயந்து புடுங்கிட்டேன். அதைத்தான் காலையில சொல்ல வந்தேன்."

மரியதாஸ் மறுபடி ஏதோ சொல்லப் பார்த்தார். தோளில் இருந்த கை அழுத்தியது.

"பேச்சுன்னா என்ன பேச்சு? சாப்ட்டியா, தலையில துண்டைப் போடு, கெடாக்குட்டி கால் தேறிருச்சா. இதுதான். ஊடால சூ சூன்னு கோழியைப் பத்துவா. அந்தச் சத்தமும் கேக்கும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கடைசியாப் பேசினது ஒண்ணு உண்டு. அதை நான் முழுசாக் கேக்கல. பாதியிலயே நிப்பாட்டிருவேன். கேட்டு முடிச்சுட்டா அவ பேச்சு தீந்துபோகும்லா. மிச்சம் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்."

கீழே தெருவில் ஒரு மினிபஸ் நின்று கிளம்பிப் போயிற்று. வெயிலுமுத்து அழுதார். வெட்கப்படாமல், அவசரப்படாமல் அழுதார். அழுது முடித்துச் சோலையம்மாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார். அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு, அவள் கோபம், ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட பன். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை.

எழுந்தபோது பென்டிரைவைத் துண்டு முனையில் பழையபடி முடிந்துகொண்டார்.

"இவ்வளவு பேச்சு நான் யார்கிட்டயும் பேசினது இல்ல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மரியதாஸ் அந்தக் காலி நாற்காலியை மேஜைப் பக்கம் தள்ளிவிட்டார்.

"எனக்கு நெஞ்சு கிடந்து அடிச்சுக்கிட்டுது டீச்சர். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூட விடலையே நீங்க?"

செண்பகவல்லி பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பென்டிரைவுக்குத்தான் காவலைப் பிந்திப் போட்டோம், அண்ணே. அந்த மனுசன் விஷயத்துலயாவது உங்க வாய்க்கு முந்திப் போட வேண்டாமா?"