முதல் நாள் எது?

விண்கலப் பாதை மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப மாலை ஐந்து மணி கெடு. இயக்குநர் சேதுமாதவன், கணினி அறைப் பணியாளன் இன்னாசியிடம் ஒரு செயற்கைக்கோளின் பாதையைக் கணிக்கும் கட்டுரையைக் காட்டினார். எழுதியவர், போன மாதம் இறந்துபோன விஞ்ஞானி பூங்கோதை.

“அந்தம்மா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“போடறேன் சார். இந்தக் கணக்கு எந்த நாள்லேர்ந்து தொடங்குதுன்னு படிவத்துல கேக்குது.”

“இதுகூடத் தெரியாதா? ஏவின நாள்தான்!”

இன்னாசி அந்தத் தேதியைத் தட்டினான். ரேடாரில் குமரிக்கு மேலே தெரிந்த அந்தச் செயற்கைக்கோள், திரையில் ஓடிய கணக்கில் உலகத்தின் மறுபக்கம் நின்றது. பின்னாலிருந்த விஞ்ஞானிகள் சிரித்துவிட்டார்கள்.

“அப்போ எந்த நாளுடா?” என்றார் சேதுமாதவன்.

“ஒவ்வொரு தேதியா வெச்சுப் பார்த்தேன் சார். மார்ச் பதினேழு மட்டும்தான் பொருந்துது.”

சிரிப்பு நின்றது. அது பூங்கோதை இறந்த நாள். அவர் கட்டுரையை முடித்துச் சேமித்ததோ ஜனவரியில்.

இன்னாசி பணிவாகக் கேட்டான்: “அது அவங்க நாள் சார். உங்க பேரைப் போட்டா உங்க நாளைப் போடணும். எந்தத் தேதி போடட்டும்?”

சேதுமாதவன் அவன் கையை விலக்கிவிட்டு, ‘பூங்கோதை’ என்று தானே தட்டினார்.