முடிச்சுக்குத் தடை போட்ட மகாராஜா

முன்னொரு காலத்தில் கொக்கரை நாட்டைச் சண்டவிக்கிரமன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பாயசம் ஆறும்வரை காத்திருக்க முடியாமல் வாரத்துக்கு இரண்டு முறை நாக்கைச் சுட்டுக்கொள்வார்.

அவருடைய சபையில் கதை சொன்னவள் செங்கமலம். பானை வனைகிற தெருவில் பிறந்தவள், ஏட்டைத் தொட்டதில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் சாமரம் வீசுகிறவர்கள் வீசுவதையே மறந்து நிற்பார்கள்.

ஒருநாள் அவள், "இளவரசன் பாழுங்கிணற்றில் இறங்கினான். அவன் அடியைத் தொட்டதும் கயிறு அறுந்து விழுந்தது. மீதி நாளைக்கு, மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பென்று தயிரைத் தடவி மென்றார்.

இதற்காகத்தான் காத்திருந்தார் வாகீசப் பண்டிதர். கதையின் இலக்கணத்தை இரண்டாயிரம் பாட்டில் எழுதியவர் அவர். அதை அரங்கேற்றிய அன்று மூன்றாவது பாட்டிலேயே ராஜா குறட்டை விட்டார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"பிரபோ, கதைக்கு மாந்தர் வேண்டும், களம் வேண்டும், தொடக்கமும் முடிவும் வேண்டும். இந்தப் பெண்ணோ நடுவில் முடிச்சு ஒன்றைப் போட்டுத் தங்கள் உயிரை வாங்குகிறாள். தடை செய்துவிடுங்கள்!"

"செய்தேன்! இனி என் நாட்டில் முடிச்சே கூடாது!"

ராஜா மனம் மாறுவதற்குள், முடிச்சுப் போட்டால் நாடு கடத்தல் என்று பண்டிதரே ஓலை எழுதி முத்திரை வாங்கிவிட்டார். அதோடு விட்டாரா? "நாளை இவள் முடிச்சில்லாமல் ஒரு கதை சொல்லட்டும். தங்களுக்குச் சலிப்புத் தட்டினால் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

செங்கமலம் பயந்துதான் போனாள். முடிச்சுப் போட்டாலும் நாடு கடத்தல், போடாவிட்டாலும் நாடு கடத்தல். மறுநாள் காலையில் தலை சீவிக் கொண்டை போடப் போனவளின் கை அப்படியே நின்றது. பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

தலைவிரி கோலமாகச் சபைக்கு வந்தவளைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். அவளோ ஒன்றுமே நடக்காதவள்போல் தொடங்கினாள்.

"ஓர் இளவரசன் இருந்தான். பசித்தது, சாப்பிட்டான். தூக்கம் வந்தது, தூங்கினான். விடிந்தது, எழுந்தான். பசித்தது..."

ராஜா வாய்பிளந்து கொட்டாவி விட்டார். "என்னம்மா இது, உப்புச்சப்பில்லாமல்?"

"சலித்துவிட்டது! கிளம்பு, கிளம்பு!" என்று துள்ளினார் பண்டிதர்.

"கிளம்புகிறேன், சாமி. போகுமுன் தாங்கள் எழுதிய ஓலையை ஒருமுறை வாசியுங்கள்."

பண்டிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "கொக்கரை நாட்டில் எவரும் எதிலும் எந்த முடிச்சும் போடலாகாது. போட்டவர் நாடு கடத்தப்படுவார்."

"அதனால்தான் நான் கொண்டை போடவில்லை, மகாராஜா. பண்டிதர் குடுமியில் இருப்பது என்ன?"

சபை முழுக்க அவர் தலையைப் பார்த்தது. பண்டிதர் பதறிப்போய்க் குடுமியை அவிழ்த்தார். மயிர் முகத்தை மறைத்தது.

"இடுப்பில்?" என்றாள் செங்கமலம்.

பண்டிதரின் வேட்டியை நிறுத்திவைத்திருந்தது ஒரு பட்டுக் கச்சை. கச்சையை நிறுத்திவைத்திருந்தது ஒரு முடிச்சு. அவர் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அவிழ்த்தால் மானம் போகும், அவிழ்க்காவிட்டால் நாடு போகும்.

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "அப்புறம்? அவிழ்ப்பாரா, மாட்டாரா?"

"மகாராஜா, இப்போது சலிப்பாக இருக்கிறதா?"

"துளிகூட இல்லை!"

"மாந்தர் பண்டிதர். களம் இந்தச் சபை. இரண்டும் காலையிலிருந்தே இங்கேதான் இருந்தன, நீங்கள் கொட்டாவிதான் விட்டீர்கள். முடிச்சு வந்த பிறகுதானே கதை வந்தது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மகாராணியின் குரல் வந்தது.

"சுவாமி, என் கழுத்தில் மூன்று முடிச்சு இருக்கிறதே. அதைப் போட்டவர் எப்போது நாட்டைவிட்டுக் கிளம்புகிறார்?"

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. பாய்ந்து வந்து பண்டிதர் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கினார். நாலாகக் கிழித்தார். "தடையும் இல்லை, ஒன்றும் இல்லை! செங்கமலம், இனி கதை வேளையில் பண்டிதரின் ஆசனம் உனக்கு. அவர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். அது கிடக்கட்டும், கிணற்றில் இறங்கினானே, அவன் என்ன ஆனான்? இப்போதே சொல்லிவிடு!"

செங்கமலம் முதலில் நிதானமாகக் கொண்டையைப் போட்டுக்கொண்டாள்.

"மேலே நின்றவர்கள் தங்கள் மேல்துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கீழே விட்டார்கள், மகாராஜா. அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து பிழைத்தான்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கீழே உட்கார்ந்திருந்த பண்டிதருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தன்னை மறந்து, "ஏனம்மா, அத்தனை பாரத்துக்கு அந்த முடிச்சு தாங்கியதா?" என்று கேட்டுவிட்டார்.

"தாங்கியது, சாமி. உங்கள் கச்சை முடிச்சைப்போல அதையும் கடைசிவரை யாரும் அவிழ்க்கவில்லை."