குளத்து நீரும் சோளக் குருத்தும்

கொன்றைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மயில் பேராசிரியர் 'ஆய்ந்து சிந்தித்தல்' என்ற பாடத்தை நடத்தி வந்தார். "கேட்டதை அப்படியே நம்பாமல், ஆதாரம் தேடி, அதன்பின் முடிவு செய்வதே ஆய்ந்து சிந்தித்தல்" என்று அவர் சொல்வார். மாணவர்கள் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அந்தக் கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. ஒருநாள் காலையில் அதன் கரையில் இரண்டு மான்கள் செத்துக் கிடந்தன. அதைப் பார்த்த மயில் பதறிப்போய்த் தலைவர் யானையிடம் ஓடினார்.

"ஐயா, குளத்தில் நஞ்சு கலந்திருக்கிறது. தண்ணீர் குடித்த மான்கள் அங்கேயே விழுந்துவிட்டன."

யானை எல்லோரையும் கூட்டியது. "இனி யாரும் அந்தக் குளத்தில் வாய் வைக்கக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் மலை தாண்டிப் போய்விடுவோம்."

மலைக்கு அப்பால் தண்ணீர் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. ஆனாலும் பேராசிரியரே பார்த்துச் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? தாய் விலங்குகள் அழுதுகொண்டே குட்டிகளைக் கிளப்பின.

அப்போது முள்ளி என்ற முள்ளம்பன்றி மாணவி முன்னால் வந்தாள். அவள் மயிலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, மான்கள் தண்ணீர் குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

மயிலின் முகம் சுருங்கியது. "செத்துக் கிடந்ததைப் பார்த்தேன்."

"அப்படியானால் தண்ணீர்தான் காரணம் என்று இன்னும் நமக்குத் தெரியாது, இல்லையா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மயில், "வா, போய்ப் பார்ப்போம்" என்று முள்ளியை அழைத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தார்.

குளத்தில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் அங்கே தண்ணீர் குடித்த காட்டுப்பன்றிகள் நலமாக மேய்ந்துகொண்டிருந்தன. இருவரும் மான்களின் குளம்புத் தடங்களைப் பார்த்துக்கொண்டே அவை வந்த வழியில் பின்னோக்கி நடந்தார்கள். அது காட்டோரத்துச் சோளக் கொல்லையில் போய் முடிந்தது. மழையில்லாமல் வாடிய இளங்குருத்துகள் கடிபட்டுக் கிடந்தன.

பக்கத்தில் கட்டியிருந்த பசுவிடம் முள்ளி மான்கள் செத்ததைச் சொல்லி விசாரித்தாள்.

"ஐயோ, இதையா தின்றார்கள்?" என்றது பசு. "வாடின சோளக் குருத்து விஷமாச்சே. போன வருஷம் என் கன்று இதைத் தின்றுதான் செத்தது. அதிலிருந்து எங்களை இந்தக் கொல்லைக்குள் விடுவதே இல்லை."

செய்தி கேட்டதும் யானை பயணத்தை நிறுத்தியது. விலங்குகள் குளத்தில் இறங்கி வயிறு நிறையக் குடித்தன. குட்டிகள் சேற்றில் புரண்டு விளையாடின.

யானை மயிலிடம் மெதுவாகக் கேட்டது. "ஊரே கூடியிருக்கும்போது உங்கள் மாணவியே நீங்கள் சொன்னது தவறு என்று காட்டிவிட்டாளே. வருத்தமாக இல்லையா?"

மயில் தோகையை முழுதாக விரித்தார்.

"இத்தனை காலம் நான் சொன்னதை மாணவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இன்றுதான் ஒருத்தி நான் கேட்க மறந்ததைக் கேட்டிருக்கிறாள். அவள் என் மாணவி என்று எந்தச் சபையிலும் சொல்லிக்கொள்வேன்."

ஆசிரியர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கும் துணிவு மாணவருக்கு வரும்போதுதான் கல்வி முழுமை பெறுகிறது.